காலுக்குக் கீழே ஓடிய சூரியன்

1996 மார்கழி மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு ஒக்லண்ட் நகரத்துக் கிளென் ஈடனில் என் வீட்டைப் பூட்டி, திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். போன இடம் அந்தாட்டிக்கா. நம்பாதவர்கள் இதிலேயே நிறுத்திக்கொள்ளலாம். நம்பாத ஆட்களோடு மாரடித்து நான் களைத்துப்போனேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் எங்கள் தமிழ்ச் சங்கத்து மலர் ஆசிரியர் திருத்தட்டும். நான் கண்டதைத் திருத்த வேண்டாம்.

வீட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஒற்றை அறை, வாடகை வீடு. ரயில் நிலையத்துக்கு என் நடையில் ஒன்பது நிமிடம். என் மனிசன் போய்ச் சேர்ந்த பிறகு மூன்று வருடமாக அதில் தனியே இருக்கிறேன். சமைப்பது நான், துணி தோய்ப்பது நான், கறிவேப்பிலை முடிந்தால் இரண்டு பஸ் மாறிப் பாபடோயிட்டோய்க்குப் போய் வாங்கி வருவதும் நான். மகன் ரகு மெல்பேர்ணில் இஞ்சினியர். ஒவ்வொரு ஞாயிறும் டெலிபோன் எடுப்பான். "தனிய இருக்கேலாது அம்மா, வீட்டைக் குடுத்திட்டு இங்கை வாங்கோ" என்பான். "ஏலும்" என்பேன். அதோடு கதை முடியும்.

இந்த முறை வேறு கதையோடு வந்தான். "அம்மா, இங்கையிருந்து அந்தாட்டிக்காவுக்குப் பிளேன் போகுது. இறங்காது. மேலாலை சுத்திக் காட்டிப்போட்டு அண்டைக்கே திரும்பிவிடும். உங்களுக்கும் எனக்கும் ரிக்கற் போட்டிட்டன்."

ஆளுக்கு 1,150 அவுஸ்திரேலிய டொலர். இறங்காமல் திரும்புகிற ஊருக்கு இவ்வளவு காசா என்று கேட்டேன். பிறகு, "வீட்டுக் கதை ஒண்டும் கதைக்கிறேல்லை எண்டால் வாறன்" என்றேன்.

"சத்தியமாக் கதைக்கமாட்டன்" என்றான். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் பெட்டி அடுக்கினேன்.

என்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டவள் பக்கத்து வீட்டுக் காமாட்சி. மதுரைப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் நேர்ஸ். கிளென் ஈடனிலிருந்து இருபத்துமூன்று கிலோமீற்றர். சனிக்கிழமையானபடியால் முப்பது நிமிடத்தில் போய்விட்டோம்.

"பூமணியம்மா, அங்க போய் என்னத்தப் பாக்கப் போறீங்க? வெறும் ஐஸ்தானே. சொல்லியிருந்தா எங்க வீட்டு ஃப்ரீசரத் தொறந்து காட்டியிருப்பேன். காசில்லாம."

"உன்ரை ஃப்ரீசருக்குள்ளை ஐஸ் தெரியாது பிள்ளை. முழுக்க ஆட்டிறைச்சி."

அவள் ஸ்ரியறிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "சுகர் மாத்திரை எடுத்துக்கிட்டீங்களா?"

"எனக்குச் சுகரில்லை. பிறஷருமில்லை. கண் இரண்டும் நல்லாத் தெரியும்." கண்ணைப் பற்றி அன்று ஏன் சொன்னேனோ தெரியாது. வாய்க்கு வந்தது, சொன்னேன்.

ஒன்பது மணிக்குப் பிளேன் கிளம்பியது. நாலு மணித்தியால ஓட்டம். மெல்பேர்ண் மணிக்கூட்டில் பதினொரு மணிக்கு இறங்கினேன். இரண்டு மணித்தியாலத்தை எங்கே விட்டேன் என்று ரகுவிடம் கேட்டேன், "திரும்பிப் போகேக்கை தருவினம்" என்றான். அதுவரை நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான்.

அவன் வீட்டில் எனக்கென்று ஒரு அறை. போன முறை அது சாமான் அறையாக இருந்தது. இப்போது புதுக் கட்டில், புதுத் திரைச்சீலை, சுவரில் என் மனிசனின் படம் மாலையோடு. குளியலறைச் சுவரில் பளபளவென்று ஒரு இரும்புக் கைப்பிடி, பிடித்து எழும்புவதற்கு.

"இது ஆருக்குப் பிள்ளை?" என்று மருமகள் மாலதியைக் கேட்டேன்.

"சும்மா மாமி. எல்லாருக்கும்தான்."

நாற்பது வயதுப் பெண்ணுக்குக் குளிக்கக் கைப்பிடி எதற்கு? எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். மறுநாள் பயணம் என்ற சந்தோசத்தில் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு வீட்டிலிருந்து புறப்பட்டோம். விமான நிலையத்தில் ஒரு தேத்தண்ணீர் வாங்கினேன், இரண்டு டொலர் எண்பது சதம். கொடுத்தது ஒரு கோப்பை வெந்நீரும் நூல் கட்டிய ஒரு கடதாசிப் பையும். தேத்தண்ணீரை நானே போட்டுக்கொள்வதென்றால் காசு எதற்கு என்று கேட்க எனக்கு இங்கிலீசு காணாது.

இந்தப் பிளேனில் ஆளுக்கு இரண்டு அட்டை கொடுத்தார்கள். ஒன்று முதற் பாதிக்கு, மற்றது இரண்டாம் பாதிக்கு. யன்னல் எல்லாருக்கும் கிடைக்க வேண்டுமாம், நடுவழியில் எழுந்து இடம் மாற வேண்டுமாம். முதற் பாதியில் ரகுவுக்கு யன்னல், எனக்கு நடு. இரண்டாம் பாதியில் எனக்கு யன்னல். முப்பத்தெட்டாம் வரிசை, வலப்பக்கம். எங்களோடு மூன்றாவது ஆளாக ஒரு பெரிய உடம்புக்காரர் வந்தார், தலையில் பென்குவின் உருவத்தில் ஒரு தொப்பி. பென்குவினின் சொண்டு அவருடைய நெற்றிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. வயது அறுபது இருக்கும்.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கிளம்பினோம். ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீற்றர் வெறும் கடல் என்று கப்ரின் சொன்னதாக ரகு சொன்னான். நாலு மணித்தியாலம் நான் பார்த்தது ரகுவின் முதுகு. அவன் வீடியோக் கமராவைக் கண்ணில் ஒட்டியபடி யன்னலை மறைத்துக்கொண்டிருந்தான். கடலைப் படம் எடுத்தான். முகிலைப் படம் எடுத்தான். பிளேனின் செட்டையையும் எடுத்தான்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பு சனம் எல்லாம் "ஆ" என்றது. நான் ரகுவின் தோளைப் பிடித்து ஒதுக்கிப் பார்த்தேன். கரு நீலக் கடலில் தேங்காய்ப்பூச் சிந்தினாற்போல் வெள்ளை வெள்ளையாய்க் கிடந்தது. போகப் போக அந்தத் துண்டுகள் பெருத்தன. சில பனிக்கட்டிகள் மேசை போலத் தட்டையானவை, ஒவ்வொன்றிலும் ஒரு கோயிலும் தேரோடும் வீதி நாலும் வைக்கலாம். அவற்றின் வெடிப்புக்குள்ளே நீலம். வெள்ளை வேட்டிக்குப் போடுகிற நீலம் இருக்கிறதல்லவா, அதைக் கரைக்காமல் அப்படியே அள்ளி வைத்த நிறம்.

பிறகு கரை வந்தது. கரை என்று சொல்லலாமோ தெரியாது, எது கடல் எது நிலம் என்று பிரிக்க முடியாது. காய்ச்சின பாலில் ஆடை கட்டி, அது இழுபட்டு வெடித்ததுபோல் மைல் கணக்கில் வெடிப்பு. கறுத்த மலைகளின் தலை மட்டும் வெளியே நின்றது. மரமில்லை, புகையில்லை, தெருவில்லை. கடவுள் செய்து முடித்துவிட்டு மனிசரைக் கூப்பிட மறந்துபோன இடம். நான் வாயை மூடிக்கொண்டு, ரகுவின் கைக்கும் கமராவுக்கும் இடையில் கிடைத்த சாண் இடைவெளியால் பார்த்தேன். அந்தச் சாணுக்கே ஆயிரம் டொலர் தகும் என்று நினைத்தேன். உண்மையை மறைக்கக் கூடாது.

ஒரு மணி நாற்பதுக்கு இடம் மாறச் சொல்லி அறிவித்தார்கள். நான் எழுந்தேன். ரகு எழும்பவில்லை.

"அம்மா, நீங்கள் ஓரத்திலை இருங்கோவன். டொய்லெற்றுக்குப் போறது லேசு. யன்னலிலை நானே இருக்கிறன், வீடியோ எடுக்கவேணும்."

"என்ரை அட்டையிலை என்ன எழுதியிருக்கு?"

"யன்னல் எண்டுதான் எழுதியிருக்கு. ஆனால்..."

"அப்ப எழும்பு மோனை."

பென்குவின் தொப்பிக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் விளங்கிவிட்டது. ரகுவின் முழங்கையைத் தட்டி எழுப்பிவிட்டார். நான் யன்னலில் இருந்தேன். என் அட்டையில் எழுதின நேரம் அப்போதுதான் தொடங்கியது.

இரண்டு மணி பத்துக்குக் கப்ரின் ஏதோ சொன்னார். உடனே வலப்பக்கத்துச் சனம் முழுவதும் எழுந்து இடப்பக்கம் ஓடியது. தொப்பிக்காரர் "சொறி, லவ்" என்று சொல்லிவிட்டு ஓடினார். ரகு கமராவோடு ஓடினான். இடப்பக்கத்தில் ஆராய்ச்சிக்காரர் இருக்கிற வீடுகள் தெரிகின்றனவாம். நாலைந்து வீடு, ஒரு கொடிக்கம்பம். கேளுங்கள்: கடவுள் செய்த இடத்தைப் பார்க்கக் காசு கொடுத்து வந்த சனம், மனிசன் கட்டின நாலு வீட்டைப் பார்க்க ஓடியது. சிவப்பு வீடாம். கிளென் ஈடனில் எங்கள் தெருவில் சிவப்பு வீடு மூன்று இருக்கின்றன.

வலப்பக்கத்தில் என் வரிசையிலும் முன் வரிசையிலும் பின் வரிசையிலும் நான் மட்டும்தான் மிஞ்சினேன். நான் வெளியே பார்த்தேன்.

சூரியன் அந்தப் பக்கம்தான் நின்றது, நல்ல உயரத்தில். கீழே பனிக்கு மேலே மெல்லிய புகார் மூட்டம், வெள்ளை மஸ்லின் துணி விரித்தாற்போல். அந்தப் புகாருக்குள்ளே, மேலே சூரியன் எவ்வளவு உயரத்தில் நின்றதோ அவ்வளவு ஆழத்தில், நேர் கீழே, இன்னொரு சூரியன்.

பழுத்த சூரியன் அல்ல. வெள்ளை. வட்டம், ஆனால் மேலும் கீழும் சற்றே நீண்டது, காற்றில்லாத இடத்தில் குத்துவிளக்குச் சுடர் நிற்பதுபோல். கண் கூசியது. அது எங்களோடு ஓடி வந்தது. பனி வெடிப்புகளை ஒரே தாவலில் தாண்டியது, கிழியவில்லை. கறுத்த மலை ஒன்று புகாருக்கு மேலே தலை நீட்டிய இடத்தில் சட்டென்று அணைந்தது. மலை கடந்ததும், விட்ட இடத்திலிருந்து பிடித்ததுபோல் மறுபடி ஏற்றிக்கொண்டு ஓடியது.

"ரகு, இங்கை வா மோனை" என்று கூப்பிட்டேன். "கீழையும் ஒண்டு நிக்குது."

"பொறுங்கோ அம்மா" என்றான் இடப்பக்கத்திலிருந்து.

நான் லேசில் ஏமாறுகிறவள் அல்ல. கண்ணாடியில் விழுந்த வெளிச்சமாக இருக்குமோ என்று சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தேன். அது போகவில்லை. தலையை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். அது என் தலையோடு ஆடவில்லை. கைப்பையைத் தூக்கி மேலே நின்ற சூரியனை மறைத்தேன். மேலது மறைந்தது, கீழது அப்படியே நின்றது. ஒவ்வொன்றையும் செய்துவிட்டு ரகுவுக்குச் சத்தமாகச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் "பொறுங்கோ" என்றான். ஐந்து தரம் கூப்பிட்டேன். ஐந்தாந்தரம் கூப்பிட்ட பிறகு கூப்பிடுவதை விட்டேன். பிச்சை கேட்பதுபோல் இருந்தது.

அப்போதுதான் என் காலைப் பார்த்தேன். சப்பாத்துப் போட்ட காலை முன் கதிரைக்குக் கீழே நீட்டி வைத்திருக்கிறேன். அந்தக் காலுக்குக் கீழே சூரியன். விளக்குக்குக் கால் நீட்டக்கூடாது, நெருப்புக்கு நீட்டக்கூடாது, சூரியனுக்கு நீட்டவே கூடாது. குளித்துவிட்டு, சூரியனைக் கும்பிட்டுத்தான் வாயில் தண்ணீர் விடுகிறவள் நான். ஒக்லண்டில் மூன்று நாள் முகிலுக்குள் மறைந்திருந்தாலும் அந்தத் திசையைக் கும்பிடுகிறேன். நிமிர்ந்து கும்பிடத்தான் பழகியிருக்கிறேன், குனிந்து பார்க்கிற இடத்தில் அவர் வந்து நின்றால் என்ன செய்வது? சப்பாத்தைக் கழற்றினேன். இரண்டு காலையும் கதிரைமேல் தூக்கி மடித்துச் சப்பாணி கொட்டி இருந்தேன். மேலே நின்றவரைப் பார்த்துக் கைகூப்பினேன். கீழே நின்றவரை மிதியாமல் இருந்தேன். இதில் என்ன விசர் இருக்கிறது?

அப்படியே ஏழு நிமிடம் இருக்கும். புகார் முடிந்து வெறும் பனி வந்தது, கீழ்ச் சூரியன் போய்விட்டது. பிளேன் திரும்பியது. சனம் தன் தன் இடத்துக்கு வரத் தொடங்கியது. பணிப்பெண் ஒருத்தி வந்து, என் காலையும் பெல்ற்றையும் காட்டி, "ஓகேயா டியர்?" என்று குழந்தையைக் கேட்பதுபோல் கேட்டாள். அவளுக்குப் பின்னாலே ரகு.

"என்னம்மா செய்யிறியள்? காலைக் கீழை வையுங்கோ. ஆக்கள் பாக்கினம்."

"ஆக்கள் என்னைப் பாத்தது காணும். வெளியிலை பாக்கச் சொல்லு. கீழை ஒரு சூரியன் ஓடி வந்தது."

குனிந்து பார்த்தான். "ஒண்டுமில்லை."

"இப்ப இல்லை. கூப்பிடேக்கை வந்திருக்க வேணும்."

"கண்ணாடியிலை தெறிச்சிருக்கும் அம்மா."

"தெறிக்கேல்லை. பாத்தனான்."

"அப்ப உங்கடை கண்ணிலை புரை விழுந்திருக்கு" என்றான். பென்குவின் தொப்பிக்காரருக்கு முன்னால் வைத்து, தலையைத் தடவிச் சொன்னான். என் தலையை! அவனுக்குப் பேன் பார்த்த கை என்னுடையது.

நான் எழுந்து பின்பக்கம் போனேன். அங்கே ஒரு தாடிக்காரர் நின்றார். அந்தாட்டிக்காவில் பல வருடம் இருந்து வேலை செய்தவராம், சனம் கேட்கிறதற்கு விளக்கம் சொல்லக் கூட்டி வந்திருந்தார்கள். சனம் அவரைச் சுற்றிப் பென்குவின் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. நான் என் முறை வரும்வரை நின்றேன். முறை வந்ததும் எனக்குத் தெரிந்த இங்கிலீசு முழுவதையும் சொன்னேன்: "மிஸ்ரர். சன் அப். சன் டவுன். ரூ சன்." இரண்டு விரலைக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். குனிந்து காதைக் கொண்டுவந்தார். சத்தி வந்தால் வாயில் பிடிக்கிற கடதாசிப் பை ஒன்றில், அவருடைய பேனையை வாங்கி, நடுவில் பிளேனும் மேலே ஒரு வட்டமும் கீழே ஒரு வட்டமும் கீறிக் காட்டினேன். மனிசனின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "யெஸ்! யெஸ்!" என்றார். தேத்தண்ணீர்ச் சாமான் வைக்கிற தட்டிலிருந்து சின்னத் தட்டுகள் நாலை எடுத்துக் கையில் மட்டமாகப் பிடித்து, மெல்ல மெல்ல இறக்கிக் காட்டினார். பிறகு விரலால் மணல் அளவு காட்டினார். எனக்கு விளங்கியது இதுதான்: அந்தப் புகார் தண்ணீர்ப் புகார் அல்ல, பனித் துகள். ஒவ்வொரு துகளும் ஒரு சின்னத் தட்டு. காற்றில்லாத நேரம் அவை எல்லாம் மட்டமாகப் படுத்தபடி மிதக்கும். தட்டில் தண்ணீர் வைத்தால் சூரியன் முகம் தெரிகிறதே, அப்படிக் கோடிக்கணக்கான தட்டுகளில் தெரிந்த முகமெல்லாம் சேர்ந்து ஒரு முகமாக நிற்கும். தரையில் நிற்கிறவனுக்குத் தெரியாது. அதற்கு மேலே நிற்க வேண்டும்.

எத்தனை நிமிடம் என்று மணிக்கூட்டைக் காட்டிக் கேட்டார். ஏழு விரல் காட்டினேன். சட்டைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து எழுதினார். என் பெயரையும் கேட்டு எழுதினார். எழுபத்தொரு வயதில், நான் சொன்னதை ஒருவர் எழுதி வைத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்து ரகுவிடம் சொன்னேன். "தாடிக்காரர் ஓமெண்டவர்."

"உங்களைச் சமாளிக்கச் சொல்லியிருப்பார் அம்மா. அவற்றை இங்கிலீசு உங்களுக்கு விளங்கினதோ?"

மெல்பேர்ண் வந்து இறங்கும்வரை, ஐந்து மணித்தியாலம், நான் அவனோடு ஒரு சொல் கதைக்கவில்லை. இரவு எட்டு மணி இருபதுக்கு இறங்கினோம். கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்களோ.

திங்கட்கிழமை ரகு வேலைக்கு லீவு போட்டிருந்தான். மத்தியானம் மாலதி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். நான் இரண்டு வாய் வைத்திருப்பேன், அவன் ஒரு கடதாசியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கிளென் ஈடன் வீட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுதுகிற கடதாசி. எல்லாம் நிரப்பியிருந்தது. கையெழுத்துப் போடுகிற கோடு மட்டும் வெறுமையாக இருந்தது.

"சத்தியம் பண்ணினாய்" என்றேன்.

"அது நேற்றுக்கு முன்னம் அம்மா. நேற்று ரெண்டு சூரியன் கண்டியள். நாளைக்கு அடுப்பு ரெண்டாத் தெரிஞ்சால் எந்த நெருப்பை நூப்பியள்?"

"ரெண்டையும் நூப்பன். ஒண்டை விட்டவளின்ரை வீடுதான் எரியும்."

மாலதிக்குப் புட்டு மூக்கில் ஏறிவிட்டது. ரகு அவளை முறைத்தான்.

நான் கேட்டேன்: "நீ எந்தப் பக்கம் நிண்டாய்?"

"இடப்பக்கம்."

"உன்ரை பக்கம் எத்தனை சூரியன் நிண்டது?"

யோசித்தான். "ஒண்டும் நிக்கேல்லை. சூரியன் உங்கடை பக்கம்."

"ஒண்டுமில்லாத பக்கம் நிண்டவன், என்ரை பக்கம் எத்தனை எண்டு எனக்குச் சொல்ல வாறாய்."

மாலதிதான் மெல்லச் சொன்னாள். "மாமி, அவர் பயத்திலை செய்யிறார். நீங்கள் போன் எடுக்க முன்னம் பத்துத் தரம் மணியடிச்சால் இங்கை இவருக்கு உயிர் போயிடும்."

எனக்கு அது தெரியாததல்ல. தகப்பன் கண் மூடினபோது அவன் சிட்னியில் பிளேன் மாறிக்கொண்டிருந்தான். வந்து சேர்ந்தபோது பெட்டி மூடியாயிற்று. அன்றையிலிருந்து அவனுக்கு டெலிபோன் என்றால் பயம். அந்தப் பயத்தை நேரே சொல்லியிருந்தால் நானும் நேரே பதில் சொல்லியிருப்பேன். பயந்தவன் அவன், பழுதாய்ப் போனது என் கண் என்று எழுதுவது என்ன நியாயம்? அந்தாட்டிக்காவைக் காட்டிக் கூட்டி வந்து, கைப்பிடியைப் பூட்டி வைத்து, கையெழுத்துக் கேட்கிறான். நான் புட்டை முழுவதும் சாப்பிட்டு முடித்தேன். பட்டினி கிடந்து அழுகிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். "ஊருக்குப் போய் யோசிக்கிறன்" என்றேன். ஊர் என்று என் வாயில் வந்தது கிளென் ஈடன்.

செவ்வாய்க்கிழமை பகல் புறப்பட்டு, ஒக்லண்ட் நேரம் மாலை ஆறேகாலுக்கு இறங்கினேன். அந்த இரண்டு மணித்தியாலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், தரவில்லை. அதிலும் ரகு பொய்தான் சொன்னான். மேலிருந்து பார்த்தால் மனுக்காவுக் கழிமுகத்தில் நீர் வற்றிச் சேறு மினுங்கியது. வீடு, வீடு, வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னாலே துணிக்கொடி. அந்தாட்டிக்காவில் ஒருவர் துணி காயப்போட்டிருந்தால் அதைத்தான் எல்லாரும் ஓடிப் பார்த்திருப்பார்கள். இங்கே எனக்கு அது பார்க்கப் போதும். அங்கே பார்த்தது அங்கே இருக்கட்டும். பனிக்கு மனிசர் வேண்டியதில்லை, எனக்குக் கறிவேப்பிலை வேண்டும். ஆனால் ஒன்று: அவ்வளவு பெரிய வெறுமையில் ஒரு துகள் தானும் கோணாமல் மட்டமாய் மிதக்கிறது. இங்கே மனிசர் தங்கள் தாயிடம் நேராக ஒரு சொல் சொல்ல முடியாமல் கடதாசி நிரப்புகிறார்கள்.

அடுத்த நாள் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு ஆள் அனுப்பினார்கள். வீட்டில் எழுத நல்ல தாள் இல்லை. கைப்பைக்குள் இருந்த கடதாசியை எடுத்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நீங்கள் வாசித்த முதல் பக்கம் அதில்தான் எழுதினது.

நான் திரும்பி வந்த பத்தாம் நாள் டெலிபோன் அடித்தது. வியாழக்கிழமை. ரகு வியாழனில் எடுக்கிறவன் அல்ல.

"அம்மா, வீடியோவைப் போட்டுப் பாத்தனான்."

"சிவப்பு வீடு நல்லா விழுந்திருக்கோ?"

"வீடு கிடக்கட்டும். உங்கடை சத்தம் கேக்குது. நாலு தரம் கூப்பிட்டிருக்கிறியள்."

"அஞ்சு தரம்."

"கமராவிலை நாலு."

"அப்ப ஒருக்கால் நிப்பாட்டியிருப்பாய். நான் அஞ்சு தரம் கூப்பிட்டனான்."

"நாலு தரமும் பொறுங்கோ எண்டிருக்கிறன்."

"ஓம்."

"நாலாந்தரம் என்ன சொன்னனீங்கள் தெரியுமோ? 'பையாலை மேலதை மறைச்சுப் பாத்திட்டன், கண்ணாடியிலை இல்லை, வெளியிலைதான்' எண்டு. தெளிவாச் சொல்லியிருக்கிறியள். நான் கொடிக்கம்பத்தை எடுத்துக்கொண்டு நிக்கிறன்."

அடுப்பில் பருப்பு இருந்தது, போய் அடுப்பை நூர்த்துவிட்டு வந்தேன். அவன் வைக்காமல் நின்றான்.

"அந்தக் கடதாசியை அனுப்பிப்போட்டியளோ?"

"இல்லை. அதிலை வேறை எழுதியாச்சு."

"என்ன எழுதினனீங்கள்?"

"கட்டுரை."

பிறகு, சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்கிற குரலில் கேட்டான். "அது எப்பிடி அம்மா இருந்தது?"

இதைக் கேட்க அவனுக்குப் பதினொரு நாள் சென்றது. தாடிக்காரர் அந்த நிமிடமே கேட்டார்.

"மலரிலை வரும். காசு குடுத்து வாங்கி வாசி" என்று சொல்லிவிட்டு டெலிபோனை வைத்தேன்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சடிக்கவும். என் மகன் கண்ணாடி போட வெட்கப்படுகிறவன். மாலதி வாசித்துக் காட்டுவதை நான் விரும்பவில்லை. அவனே எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டும்.